திரில்லரின் முதல் காட்சி: பிணத்தில் தொடங்குவதா, அடகுக்கடையில் தொடங்குவதா?

போன மாதம் ஒரு தம்பி தன் முதல் படத்துக்கான கதையோடு என் எடிட்டிங் அறைக்கு வந்தான். கதை தயார், இன்டர்வல் தயார், கிளைமாக்ஸ் கூடத் தயார். முதல் காட்சியை மட்டும் நாலு விதமாக எழுதி வைத்திருந்தான். எதை எடுப்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. சாயங்காலம் தொடங்கிய பேச்சு ராத்திரி பதினொன்றரை வரை போனது. திரில்லர் எழுதுகிற பலர் வந்து நிற்கிற இடம் இது என்பதால் அன்றைக்குப் பேசியதை எழுதி வைக்கிறேன். ஊரையும் பெயரையும் அவனிடம் கேட்டுக்கொண்டு மாற்றியிருக்கிறேன்.

கதை இதுதான். துறையூரில் ஓர் அடகுக்கடை. கதிர் அங்கே ரசீது எழுதுகிற பையன். பக்கத்து ஊரில் ஒரு பெண் காணாமல் போய் மூன்று வாரம் ஆகிறது. அவள் கழுத்தில் கிடந்த சங்கிலியின் அடையாளத்தை எழுதி, போலீஸ் எல்லா அடகுக்கடைக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறது. ஒரு மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருக்கிற நேரத்தில், கதிரின் அக்கா புருஷன் ஒரு சங்கிலியை அடகு வைக்க வருகிறார். அதே சங்கிலி.

நல்ல முடிச்சு. கேட்டதுமே எனக்குக் கை பரபரத்தது. இதை எந்த இடத்தில் திறப்பது?

தம்பியின் முதல் யோசனை, பெரும்பாலானவர்களுக்கு முதலில் வருவதுதான்: கொலையில் தொடங்குவது. ராத்திரி, ஆள் இல்லாத ரோடு, பெண் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள், பின்னால் ஒரு வெளிச்சம், அலறல், டைட்டில். இதை மட்டமாகச் சொல்ல மாட்டேன். தமிழில் இதற்கு ஒரு கம்பீரமான முன்னோடி உண்டு. எஸ். பாலசந்தர் இயக்கி 1954-இல் வந்த ‘அந்த நாள்’ துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்குகிறது. செத்து விழுகிறவர் சிவாஜி கணேசன். பாட்டே இல்லாத படம், எடுத்த எடுப்பில் கதாநாயகன் பிணம். தியேட்டரில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். யாரைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தானோ அவர் போய்விட்டார். இனி அவரை மற்றவர்கள் சொல்லும் கதைகளில்தான் பார்க்க வேண்டும். மனைவி ஒன்று சொல்வாள், தம்பி ஒன்று சொல்வான், பக்கத்து வீட்டுக்காரர் இன்னொன்று சொல்வார். அந்தப் படத்தின் கேள்வியே ‘யார் சுட்டது’ என்பதுதான். அதனால் சுடுவதில் தொடங்கியது சரி.

அமெரிக்காவில் 1996-இல் வந்த ‘ஸ்க்ரீம்’ இதே வேலையை வேறு மாதிரி செய்தது. போஸ்டரில் பெரிதாக இருந்த முகம் ட்ரூ பேரிமோருடையது. படம் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் அவரைக் கொன்றுவிடுகிறார்கள். அந்தக் காட்சியில் கத்தியை விட எனக்கு மறக்காமல் இருப்பது அடுப்பு. அவர் சோளப்பொரி போட்டிருக்கிறார். அலுமினியத் தாள் மூடிய பாத்திரம். போனில் ஒரு குரல் விளையாட்டாகப் பேச ஆரம்பிக்கிறது; தாள் மெல்ல உப்புகிறது. பேச்சு மிரட்டலாக மாறுகிறது; அடுப்பை அணைக்க ஆள் இல்லை. கடிகாரத்தைக் காட்டாமலே நேரம் ஓடுவதைக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் தம்பியின் கதைக்கு இது உதவாது என்பது என் கட்சி. கொலையைக் காட்டித் தொடங்கினால், பார்க்கிறவன் ‘கொன்றது யார்’ என்ற கேள்வியைப் பிடித்துக்கொள்வான். நாம் சொல்லப்போவது அதுவா? கதிர் இப்போது என்ன செய்யப்போகிறான் என்பதுதான் கதை. முதல் ஐந்து நிமிடத்தில் தப்பான கேள்வியைப் பார்க்கிறவன் கையில் கொடுத்துவிட்டால், அதைத் திரும்ப வாங்க இருபது நிமிடம் ஆகும். பதினைந்தாவது நிமிடத்தில் மச்சான் சங்கிலியோடு வந்து நின்றதும் ‘ஓ, இவன்தானா’ என்று கேள்வி தீர்ந்து போய் அவன் போனை எடுத்துவிடுவான். தவிர, ராத்திரி ரோட்டில் ஒரு பெண்ணை அலறவிடுவதைப் பார்த்துப் பார்த்து நமக்கு மரத்துப்போய்விட்டது. அவள் யார், என்ன சாப்பிட்டாள், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று ஒன்றுமே தெரியாமல் ஒரு பெண்ணைச் சாகடித்துக் காட்டுவது எனக்கு மனசுக்கு ஒப்பவும் இல்லை.

இரண்டாவது யோசனை, முடிவில் தொடங்குவது. கதிர் சட்டையெல்லாம் ரத்தத்தோடு பஸ் ஸ்டாண்டு குழாயில் கை கழுவுகிறான். ‘மூன்று நாட்களுக்கு முன்’ என்று எழுத்து வருகிறது. எழுதுகிறவர்களுக்கு இது ரொம்பப் பிடித்த வழி. எடிட்டருக்கும் வசதிதான். எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்து (ரஷ் என்போம்) முதல் இருபது நிமிடம் இழுக்கிறது என்று தெரிந்ததும், கிளைமாக்ஸில் இருந்து முக்கால் நிமிடத்தை வெட்டி முன்னால் ஒட்டச் சொல்வார்கள். நானே ஒட்டியிருக்கிறேன். ஒரு தொடருக்கு அப்படிச் செய்து கொடுத்தபோது முதல் எபிசோடு நன்றாகத்தான் ஓடியது. கடைசி எபிசோடில் அந்த இடம் வந்ததும் நாடி விழுந்துவிட்டது. நாயகன் பிழைத்து அந்த இடம் வரை வருவான் என்று எல்லோருக்கும் முதல் நாளே தெரியுமே.

இதைச் சரியாகச் செய்த படங்களும் இருக்கின்றன. பில்லி வைல்டரின் ‘சன்செட் பூல்வார்ட்’ 1950-இல் வந்தது. நீச்சல் குளத்தில் குப்புற மிதக்கிற பிணமே கதையைச் சொல்கிறது. முதலில் அவர் எடுத்திருந்த தொடக்கம் வேறு. பிணவறையில் கிடக்கிற சடலங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதாக எடுத்திருந்தார். முன்னோட்டக் காட்சியில் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். அதைத் தூக்கிவிட்டு, குளத்தை வைத்தார். பிணம் பேசுகிற யோசனை இரண்டிலும் ஒன்றுதான், இடம் மட்டுமே வேறு. பிணவறையில் கேலியாகப் போனது குளத்தில் துயரமாகிவிட்டது. அந்த மனிதன் செத்துப்போவான் என்று தெரிந்தே அந்த மாளிகைக்குள் அவனோடு போகிறோம். தெரிந்ததால் சுவாரசியம் குறையவில்லை. ‘ஐயோ, உள்ளே போகாதே’ என்று அடிக்கு அடி தோன்றுகிறது.

ஜீத்து ஜோசப்பின் ‘த்ரிஷ்யம்’ (2013) இன்னும் நுணுக்கம். கதாநாயகன் ஒரு காவல் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதில் தொடங்குகிறது. ரத்தம் இல்லை, ஓட்டம் இல்லை. ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். அப்புறம் நெடுநேரத்துக்குக் குடும்பம், கேபிள் டிவி, சினிமாப் பைத்தியம், சிக்கனம் என்று வீட்டுக்கதை ஓடுகிறது. நாம் பொறுமையாகப் பார்ப்பதற்கு அந்த ஒரு காட்சி போட்ட முடிச்சும் ஒரு காரணம். அந்த இடத்தின் முழு அர்த்தம் கடைசியில்தான் திறக்கும். பார்க்காதவர்களுக்காக அதோடு நிறுத்திக்கொள்கிறேன். முன்னால் வைத்த துண்டு பின்னால் வரும்போது புது அர்த்தம் எடுக்கிறதா என்பதுதான் இந்த வழிக்கு நான் வைக்கிற பரீட்சை. தம்பியின் குழாயடிக் காட்சிக்கு அப்படி எந்தப் புது அர்த்தமும் இல்லை. ரத்தம் யாருடையது என்று மட்டும் தெரியவரும். அதனால் அதுவும் வேண்டாம் என்றேன்.

மூன்றாவது யோசனை, சாதாரண நாள். கதிர் கடையைத் திறக்கிறான், தண்ணீர் தெளிக்கிறான், சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுகிறான், டீக்கடையில் வம்பு பேசுகிறான். ஊர் தெரியும், ஆள் தெரியும். ஆனால் டிக்கெட் வாங்கி வந்தவனுக்கு இது திரில்லர் என்று எப்போது தெரியும்? ஊரைக் காட்டுவதற்காக மட்டும் ஊரைக் காட்டினால் அது சுற்றுலாப் படம். அந்த நாளுக்குள் ஏதோ ஒன்று கோணலாக இருந்தே ஆக வேண்டும்.

அப்படிக் கோணலை வைக்கத் தெரிந்தவர்களிடம் இதை விட அழகான தொடக்கம் கிடையாது. ஃப்ரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த ‘எம்’ படத்தைத் தம்பிக்கு அன்றைக்கே போட்டுக் காட்டினேன். பெர்லினில் ஒரு குடியிருப்பு. குழந்தைகள் வட்டமாக நின்று கொலைகாரனைப் பற்றிப் பாட்டுப் பாடி விளையாடுகின்றன. ஓர் அம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு மேஜையில் தட்டு வைக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற மகள் எல்சி, தெருவில் ஒரு விளம்பரத் தூணில் பந்தை அடித்து அடித்துப் பிடிக்கிறாள். தூணில் ஒட்டியிருப்பது கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தால் பரிசு என்ற அறிவிப்பு. அதன் மேல் ஒரு தொப்பிக்காரனின் நிழல் விழுகிறது. ‘அழகான பந்து’ என்கிறது குரல். முகம் இல்லை. அப்புறம் அவன் அவளுக்கு ஒரு பலூன் வாங்கித் தருகிறான். அம்மா கடிகாரம் பார்க்கிறாள், மாடிப்படியில் எட்டிப் பார்க்கிறாள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். யாரும் இல்லாத படிக்கட்டு. துணி காய்கிற பரண். காலித் தட்டு. புதருக்குள்ளிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. பலூன் கம்பியில் சிக்கிக் கொஞ்சம் ஆடிவிட்டுப் பறந்துபோகிறது.

ஒரு துளி ரத்தம் காட்டவில்லை. தட்டும் பந்தும் பலூனும் போதுமாக இருந்தது. தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், அந்தக் காலித் தட்டு வரும்போது தம்பி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

அதில் நடந்தது என்ன என்று யோசித்தால் நாலாவது வழி தானாக வந்துவிடும். அம்மாவுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். அவள் தட்டு வைத்துக்கொண்டிருக்கும்போதே நாம் நிழலைப் பார்த்துவிட்டோம். திரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் சொன்ன உதாரணம் பலருக்கும் தெரிந்திருக்கும். மேஜைக்கு அடியில் குண்டு இருக்கிறது. பார்க்கிறவனுக்குச் சொல்லாமல் வெடிக்க வைத்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. முன்கூட்டியே காட்டிவிட்டு அதே மேஜையில் இருவரைச் சாதாரணமாகப் பேசவிட்டால் பதினைந்து நிமிடப் பதைப்பு.

இந்த வழியை எழுத்துக்கு எழுத்து செய்து காட்டியது ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958). முதல் பிம்பமே இரண்டு கைகள் குண்டின் டைமரைத் திருகுவது. அதைக் காரின் டிக்கியில் வைத்துவிட்டு அவன் ஓடிவிடுகிறான். ஒன்றும் அறியாத ஒருவரும் ஒரு பெண்ணும் காரில் ஏறுகிறார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் கேமரா கிரேனில் மிதந்து, மெக்ஸிகோ எல்லை ஊர் ஒன்றின் தெருவோடு போகிறது. கார் நிற்கும், போகும், ஆட்டு மந்தை குறுக்கே வரும். கதாநாயகனும் மனைவியும் அந்தக் காருக்குப் பக்கத்திலேயே நடந்து வருவார்கள். எல்லைச் சாவடியில் காரில் இருக்கிற பெண் தலைக்குள் ஏதோ டிக் டிக் என்று கேட்கிறது என்பாள். யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

இதில் எடிட்டர்கள் பேசிக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு. படம் வெளியானபோது ஸ்டூடியோ அந்த ஷாட்டின் மேல் பெயர்களை ஓடவிட்டு, ஹென்றி மன்சினியின் இசையையும் போட்டிருந்தது. தன் கையை மீறி வெட்டப்பட்ட படத்தைப் பற்றி வெல்ஸ் 58 பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். அதை வைத்து 1998-இல் வால்டர் மர்ச் திரும்பத் தொகுத்தபோது, அந்த ஷாட்டில் இருந்து பெயர்களை எடுத்தார், பின்னணி இசையையும் எடுத்தார். அதற்குப் பதிலாகத் தெருவில் இருக்கிற விடுதிகளின் பாட்டுகள், கார் ரேடியோ என்று அந்த இடத்தின் சத்தங்களே வந்து வந்து போகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இசை இருக்கும்போது அது ஸ்டைலான ஷாட். இசை போனதும், கார் எங்கே, இப்போது பக்கத்தில் இருக்கிறதா, தூரத்தில் இருக்கிறதா என்று காது தேட ஆரம்பிக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முதல் காட்சி என்றதும் பின்னணி இசைக்காரரிடம் ‘அடிச்சுத் தூக்குங்க’ என்று சொல்கிற பழக்கத்தை நாம் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம்.

சரி, எந்த வழி எந்தப் படத்துக்கு? கதை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. நம் தியேட்டர்களில் முதல் ஐந்து நிமிடம் யாருக்கும் முழுசாகச் சொந்தமில்லை. டார்ச் அடித்து சீட் தேடுகிறார்கள், குழந்தைக்குப் பாப்கார்ன் பிரிக்கிறார்கள், காலை மடக்கி வழி விடுகிறார்கள். வசனத்தில் மட்டும் முடிச்சை வைத்தால் பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. கண்ணில் படுகிற பொருளாக இருக்க வேண்டும், இரண்டு முறையாவது வர வேண்டும். பெரிய நட்சத்திரம் என்றால் இன்னொரு சிக்கல். அவர் என்ட்ரிக்கு விசில் அடிக்கக் காத்திருக்கிற கூட்டத்தை வைத்துக்கொண்டு பதற்றம் கட்ட முடியாது. அங்கே கொலையைத் தனியாக முன்னால் வைத்துவிட்டு, டைட்டிலுக்கு அப்புறம் ஆளைக் கொண்டுவருவதே நடக்கிற காரியம். ஓ.டி.டி. என்றால் ரிமோட் கையில் இருக்கிறது, ஆனால் காது நம்மிடம் இருக்கிறது. மெதுவான சத்தமும் அங்கே எடுபடும். தம்பியின் படத்தில் நட்சத்திரம் இல்லை, பணமும் இல்லை. ராத்திரி ரோட்டுக்கு ஜெனரேட்டரும் லைட்டும் வாடகைக்கு எடுப்பதை விட, ஒரு கடைக்குள் இரண்டு நல்ல நடிகர்களை உட்கார வைப்பது சுலபம். இதைச் சமரசமாக நான் நினைக்கவில்லை.

ஏனென்றால் குவென்டின் டரன்டினோ 2009-இல் ‘இங்ளோரியஸ் பாஸ்டர்ட்ஸ்’ படத்தை அப்படித்தான் தொடங்கினார். 1941, பிரான்ஸில் ஒரு பண்ணை வீடு, ஒரு மேஜை. நாஜி அதிகாரி வந்து உட்கார்ந்து ஒரு கிளாஸ் பால் கேட்டுக் குடிக்கிறான். மரியாதையாகப் பேசுகிறான். கொஞ்ச நேரம் அது விசாரணை மட்டுமே. நடுவில் கேமரா மெல்ல மரத்தரைக்குக் கீழே இறங்குகிறது. அங்கே ஒரு யூதக் குடும்பம் மூச்சை அடக்கிப் படுத்திருக்கிறது. அந்த நொடியில் இருந்து மேலே நடக்கிற ஒவ்வொரு உபசார வார்த்தையும் கத்தி. காட்சி கிட்டத்தட்ட இருபது நிமிடம் போகிறது, பெரும்பகுதி உட்கார்ந்து பேசுவதுதான்.

இங்கேதான் எங்கள் பேச்சு சூடு பிடித்தது. நாலில் எது என்பதை விட்டுவிட்டு, அடகுக்கடைக்குள் அந்தப் போலீஸ் தாளை யாருக்கு எப்போது காட்டுவது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம்.

சங்கிலி முதலில் வந்து, மச்சான் போன பிறகு கதிர் தாளைப் பார்த்தால், அவனும் நாமும் ஒன்றாகத் திடுக்கிடுவோம். நல்ல திடுக்கிடல், ஆனால் அந்த ஒரு நொடியோடு சரி. நமக்கு மட்டும் தாள் தெரிந்து, கதிருக்குத் தெரியாவிட்டால்? கான்ஸ்டபிள் வந்து தாளைக் கொடுக்கும்போது அவன் டீ வாங்கப் போயிருக்கிறான் என்று வைத்தோம். பதைப்பு வருகிறது. ஆனால் கதிர் அப்பாவியாகிவிடுகிறான். அவன் எதையும் முடிவு செய்யவில்லை, மாட்டிக்கொள்கிறான். கதிருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாமல் வைத்தும் பார்த்தோம். தராசில் வைத்த கை அப்படியே நிற்கிறது, ஏன் என்று புரியவில்லை. புதிராக இருக்கிறது, ஆனால் அவன் நெஞ்சுக்குள் நம்மால் போக முடியவில்லை.

தம்பிதான் கடைசி வழியைச் சொன்னான். கதிருக்கும் தெரியும், நமக்கும் தெரியும், மச்சானுக்கு மட்டும் தெரியாது. சொல்லிவிட்டு அவனே சும்மா இருந்தான். நானும் பேசவில்லை. அது சரி என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. பண்ணை வீட்டு மேஜை இதுதான், ஆனால் இங்கே நாற்காலி மாறிவிட்டது. மறைக்க வேண்டியவன் விசாரிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். அடகுக்கடைச் சடங்குகள் ஒவ்வொன்றும் இப்போது பதற்றமாகிவிடும்: உரைகல்லில் உரசுவது, திராவகம் விட்டுப் பார்ப்பது, எடை போடுவது, ஆதார் நகல் கேட்பது, ரசீதுப் புத்தகத்தில் கார்பன் வைப்பது. ஒவ்வொன்றும் அவனுக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தருகிறது, அடுத்ததற்குத் தள்ளவும் செய்கிறது. இசை வேண்டாம். மின்விசிறிச் சத்தம் போதும், அது ஆட்டுகிற தாளின் சத்தம் போதும்.

அவன் திருத்தி அனுப்பிய முதல் இரண்டு பக்கம் என் மேஜையில் இருக்கிறது. கான்ஸ்டபிள் தாளை ஆணியில் குத்திவிட்டுப் போகிறார். ‘மூணு பவுன், டாலர்ல வேல், பின்னாடி செ-னு கீறியிருக்கும்’ என்று கதிர் அதைச் சத்தமாக வாசிக்கிறான், முதலாளி காது மந்தம் என்பதால் இரண்டு முறை வாசிக்கிறான். அவர் சாப்பிடக் கிளம்புகிறார். கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்பு விடுகிற சத்தம். மச்சான் கைக்குட்டையை விரிக்கிறார். கதிர் சங்கிலியை எடுத்து, டாலரைப் பெருவிரலால் திருப்பிப் பார்க்கிறான். தராசில் வைக்கிறான். எண்கள் ஓடி 23.6-இல் நிற்கின்றன. மச்சானின் முதுகுக்குப் பின்னால் தாள் ஆடுகிறது. கதிர் பேனாவைத் திறக்கிறான்.

‘ரசீது யார் பேர்ல போடட்டும் மச்சான்?’

‘உங்க அக்கா பேர்லயே போடு மாப்ள. அவ நகைதானே.’